கல்லும் சீட்டும்

கன்னியாகுமரியில் கல் விற்பது புதிய தொழில் அன்று. முக்கடலும் கூடும் அந்த இடத்துக்கு வரும் யாத்திரிகர்கள் அம்மனைத் தரிசித்துவிட்டுக் கடைத்தெருப் பக்கம் திரும்பும்போது, சங்கு, சோழி, பாசிமணி இவற்றுக்கு நடுவில், சின்னஞ்சிறு பொட்டலங்களில் பல நிற மணலும் விலைக்கு இருப்பதைக் காண்பார்கள். சிவப்பு மணல், கறுப்பு மணல், பழுப்பு மணல், அரிசிக் குருணை போன்ற வெள்ளை மணல். விற்கிறவர்கள் மணலோடு கதையையும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். சுசீந்திரத்து ஈசனுக்கும் குமரித் தேவிக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்றாம். நாரதர் நடுநிசியில் சேவல் கூவியது போலக் கூவிவிட, பொழுது விடிந்துவிட்டதென்று எண்ணி மாப்பிள்ளை திரும்பிப் போய்விட்டாராம். முகூர்த்தம் தப்பிப் போனதால் சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும் அப்படியே மணலாய்ப் போயினவாம்.

பொட்டலம் வாங்குகிறவர் மணலுக்காகக் காசு கொடுப்பதில்லை, கதைக்காகக் கொடுக்கிறார். கதை இல்லாமல் அதே மணலைக் கூடை நிறைய இனாமாகக் கொடுத்தாலும் அதைச் சுமந்துகொண்டு ரயிலேற யாரும் சம்மதிக்க மாட்டார்கள். கல் வியாபாரத்தின் மூல ரகஸியம் முழுவதும் அந்தப் பொட்டலத்துக்குள் அடங்கியிருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டி, நம் வீட்டிலேயே ஒரு கல் கடை தோன்றிய பிறகு இதை நாம் நன்றாக ருசித்துப் பார்த்திருக்கிறோம்.

மணலின் மெய்யான சரித்திரமும் கதைக்குக் குறைந்ததன்று. மலைப்பாறை உதிர்ந்து ஆறுகளின் வழியே கடலுக்குச் சேருகிறது. அலை அதை வாரி வாரிக் கரையில் எறிந்து, வீட்டுப் பெண்கள் சுளகில் புடைப்பதைப் போலப் புடைக்கிறது. இலேசான வெண்மணலைத் திரும்ப இழுத்துக்கொண்டு போகிறது. கனமானவற்றைக் கரையிலே விட்டுவிடுகிறது. சிவப்பு என்பது கார்னெட். கறுப்பு என்பது இல்மனைட். இடையிடையே ஸிர்க்கான், ரூட்டைல், தேன் நிறத்தில் மோனஸைட். மணவாளக்குறிச்சிக் கரையில் இவை பட்டைப் பட்டையாகப் படிந்து கிடக்கும் அழகை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும்.

1909-ஆம் வருஷத்தில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலைப் பரிசோதித்து, அதில் மோனஸைட் இருப்பதைக் கண்டார். மோனஸைட்டில் தோரியம் உண்டு. பெட்ரோமாக்ஸ் விளக்கில் தொங்கும் வெண்மையான வலையைப் பழைய வீடுகளில் பார்த்தவர்கள் இருப்பார்கள். அந்த வலைக்குப் பிரகாசத்தைக் கொடுத்தது அக்காலத்தில் தோரியந்தான். ஐரோப்பிய நகரங்களின் வீதிகளெல்லாம் காஸ் விளக்கில் ஒளிர்ந்த காலம் அது. தென்னங்கயிறு திரித்த நம் கரையோர ஜனங்களுக்குக் கயிற்றின் விலை கிடைத்தது. கயிற்றில் ஒட்டியிருந்த மணலின் விலையைத் தெரிந்துகொண்டவர் வேறொருவர். ஒரு பொருளை வைத்திருப்பது வேறு, அது இன்னதென்று அறிந்திருப்பது வேறு. இந்த ஒரு சம்பவத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாம் ஆண்டுதோறும் சொல்லிவருகிறோம்.

இப்போது மணவாளக்குறிச்சி மணல் சர்க்கார் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. அணுசக்திச் சட்டத்தின்படி மோனஸைட்டைத் தனி மனிதர் யாரும் இஷ்டம்போல் வைத்து வியாபாரம் செய்ய முடியாது. ஆகவே, நம் பால்ய காலத்துச் சேகரிப்பின் முதல் அங்கமான மணல் புட்டிகள் விலைப் பட்டியலில் ஏறவே இல்லை. கடை விஷயத்தில் முதன்முதலாகச் செய்த தீர்மானம் அதுதான்.

*

கல் பைத்தியம் நமக்கு எப்படிப் பிடித்தது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எட்டு வயதில் தகப்பனாரோடு மயிலாடிக்குப் போனோம். சிற்பத்துக்குப் பெயர்போன ஊர் அது. அங்கே ஒரு கிழக் கல்தச்சர் பாறைத் துண்டு ஒன்றைச் சுத்தியலால் தட்டி, தலையைச் சாய்த்து ஓசையைக் கேட்டார். வெண்கல மணி போல் ஒலித்தால் ஆண் கல், தாளம் போல் மெலிந்து ஒலித்தால் பெண் கல், ஒலியே எழும்பாமல் பொத்தென்று கேட்டால் அலிக் கல் என்று சொன்னார். இன்ன கல்லில்தான் இன்ன மூர்த்தத்தைச் செதுக்கலாம் என்று அதற்கு விதி உண்டு. சுசீந்திரத்து இசைத் தூண்களைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு, இந்த நாட்டுத் தச்சன் கல்லைக் காதால் அறிந்தவன் என்பதில் சந்தேகம் எழாது. அன்று அந்தக் கிழவர் காலடியில் சிதறிக் கிடந்த சில்லுகளில் ஏழெட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தோம். பை கிழிந்துபோனதற்காகத் தாயாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி விஷயம்.

பிற்பாடு பூகர்ப்ப சாஸ்திரம் படிக்கக் கலாசாலைக்குப் போனபோது, அந்தச் சில்லுகளில் பல சார்னோக்கைட் என்ற இனம் என்று தெரியவந்தது. கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற ஆங்கிலேயருக்கு ஒரு சமாதி இருக்கிறது. அதன் மேல் பதித்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. தாமஸ் ஹாலந்து என்ற பூகர்ப்ப சாஸ்திரி அந்தக் கல்லைப் பார்த்து, இறந்தவருடைய பெயரையே அந்த இனத்துக்குச் சூட்டிவிட்டார். நாஞ்சில் நாட்டில் எத்தனையோ வீடுகளுக்கு வாசற்படியாகவும் ஆட்டுக்கல்லாகவும் கிடக்கிற கல், உலகத்துப் புஸ்தகங்களிலெல்லாம் ஒரு வெள்ளைக்காரரின் சமாதிப் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது!

இந்தப் பாறையில் ஒரு குறை. பூமியின் ஆழத்தில், 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், தாங்க முடியாத உஷ்ணத்தில் வெந்து சமைந்த பாறை இது. தோவாளை மலையிலும் மருந்துவாழ் மலையிலும் எத்தனை நாள் அலைந்தாலும் அந்தப் பாறைக்குள் ஒரு சிப்பியின் சுவடுகூட அகப்படாது. உயிர் கல்லாய்ச் சமைந்ததைப் பார்க்க வேண்டுமானால் அரியலூருக்குத்தான் போக வேண்டும். கலாசாலையில் படிக்கும்போது ஆசிரியரொருவர் எங்கள் வகுப்பை அங்கே அழைத்துச் சென்றார். காரை என்ற ஊருக்குப் பக்கத்தில் வெயில் தகிக்கும் செம்மண் ஓடைகள். கடல் அங்கிருந்து வெகு தூரம். ஆனால் காலடியில் எங்கு பார்த்தாலும் கடற் சிப்பி! பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற பிராணியின் சுருண்ட ஓடு ஒன்று, நம் உள்ளங்கையளவு, ஓடைக் கரையில் பாதி புதைந்து கிடந்தது. அதைக் கையில் எடுத்தபோது ஆசிரியர் நம்மைப் பாராட்டவில்லை. "இடத்தைக் குறித்துக்கொள், அப்புறம் சந்தோஷப்படு" என்றார். ஓடையின் பெயர், திசை, எத்தனை அடி ஆழத்து மண், தேதி எல்லாவற்றையும் அங்கேயே உட்கார்ந்து எழுத வைத்தார். ஆசிரியர் இப்போது இல்லை. அந்தச் சீட்டு இருக்கிறது.

அந்தப் பூமியின் பெருமையை முதலில் சாஸ்திர உலகத்துக்கு அறிவித்தவர்களும் தொழில் முறை நிபுணர்கள் அல்லர். கே, கன்லிஃப் என்ற இரு கனவான்கள் பொழுதுபோக்காகப் பொறுக்கிச் சேர்த்த சிப்பிகள் லண்டனுக்குப் போய், எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்பவர் 1846-இல் அவற்றைப் பற்றி அறிக்கை எழுதினார். அதன் பிறகுதான் பூகர்ப்ப இலாகாவினர் வந்து அளந்தார்கள்.

*

முப்பது வருஷச் சேகரிப்பு என்றால் வீடு எந்த ஸ்திதியில் இருக்கும் என்று நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். இரண்டு அலமாரிகள், பதினோரு மரப்பெட்டிகள், கட்டிலுக்கு அடியில் இன்னும் கணக்கில் வராதவை. விருந்தினர் வந்தால் பாய் விரிப்பதற்கு முன் கல் ஒதுக்க வேண்டும். நம் இல்லாள் இருபது வருஷம் இதைப் பொறுத்துக்கொண்டாள். "மத்த வீடுகள்ல அரிசியில கல் பொறுக்குவாங்க, நம்ம வீட்டுல கல்லுக்கு நடுவுல அரிசியைத் தேடணும்" என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொன்னதில்லை.

நிலைமை மாறியது மூத்த பெண் கலாசாலையில் சேர வேண்டிய வருஷத்தில். கட்டணமும் விடுதிச் செலவுமாக ஒரே சமயத்தில் எழுபத்தையாயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அந்தச் சமயம் பார்த்து, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதாகக் கூறிக்கொண்டு, வடக்கேயிருந்து ஒரு வியாபாரி நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மரியாதையான மனிதர். அலமாரிகளை ஒன்றுவிடாமல் திறந்து பார்த்தார். எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றரை லக்ஷம் தருவதாகச் சொன்னார். அன்று மாலையே லாரி வருமாம்.

நாம் வாயைத் திறக்குமுன், அவர் ஒரு கல்லை எடுத்து அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் சுரண்டத் தொடங்கினார். என்னவென்று கேட்டோம். "இதெல்லாம் வேண்டாம், அண்ணாச்சி. வாங்குகிறவர்கள் படிக்க மாட்டார்கள். அம்மோனைட்டை இரண்டாக அறுத்து மெருகு போட்டால் மேஜை மேல் வைக்க அழகாயிருக்கும். எந்த ஊர் என்று கேட்டால் மடகாஸ்கர் என்று சொல்லிக்கொள்ளலாம், அதற்குத்தான் கிராக்கி" என்று சாவதானமாகப் பதில் சொன்னார்.

நம் இல்லாள் உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரையில் நின்றாள். பிறகு, "பிள்ளைக்குப் பணம் வேணும். அது வாஸ்தவந்தான். ஆனா இது எந்த ஊர்க் கல்லுன்னு இவங்க முப்பது வருஷமா எழுதினதுக்கு நீங்க ஒரு பைசாவும் போடல்லியே" என்றாள். வியாபாரிக்கு விளங்கவில்லை. நமக்கு விளங்கிற்று. லாரி வரவில்லை. ஆசிரியர்களின் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எழுதிக் கொடுத்து, இருபது தவணையில் அடைக்க ஒப்புக்கொண்டு, பெண்ணைச் சேர்த்தோம். மாதத் தவணை 4,200 ரூபாய்.

*

அன்று இரவு அவளுக்கு மேரி ஆனிங்கின் கதையைச் சொன்னோம். இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்று ஒரு சிற்றூர். 1799-இல் அங்கே பிறந்தவள் மேரி. தகப்பன் தச்சுத் தொழிலாளி. அவன் 1810-இல் கடனை வைத்துவிட்டு இறந்துபோனான். கடற்கரைச் செங்குத்துப் பாறையில் மழைக்காலத்தில் மண் சரியும். சரிந்த மண்ணில் அகப்படும் சுருள் சிப்பிகளைப் பொறுக்கி, ஊருக்கு வரும் உல்லாசப் பிரயாணிகளிடம் விற்றுத்தான் குடும்பம் பிழைத்தது. நம் கன்னியாகுமரிக் கடைத்தெருவின் தங்கை ஊர் என்றே அதைச் சொல்லலாம். 1811-இல் அவளுடைய அண்ணன் ஒரு ராக்ஷஸ மண்டையோட்டைக் கண்டான். அதன் உடலைத் தேடிக் கண்டவள் மேரி. அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டு. இக்தியோஸாரஸ் என்ற அந்தக் கடற்பல்லியை 23 பவுனுக்கு விற்றார்கள். 1823-இல் பிளீஸியோஸாரஸ் என்ற இன்னொரு பிராணியின் முழு எலும்புக் கூட்டையும் அவள் வெளிக்கொணர்ந்தாள். கடை வைத்தாள். படித்த மேதாவிகள் கடைக்கு வந்து வாங்கிச் சென்றார்கள். அவளிடம் பாடமும் கேட்டார்கள்.

ஆனால் அவர்கள் எழுதிய கட்டுரைகளில் பெரும்பாலும் அவள் பெயர் இல்லை. அருங்காட்சி சாலைகளில் அவள் கண்டெடுத்த எலும்புகளுக்கு அடியில் விற்றவர், வாங்கியவர், தானம் செய்தவர் பெயர்கள் இருந்தன. வெயிலிலும் மழையிலும் நின்று தோண்டியவளின் பெயர் இல்லை. பூகர்ப்ப சங்கத்தார் பெண்களை அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது 1919-இல்தான். அவள் 1847-லேயே இறந்துவிட்டாள்.

இல்லாள் வெகு நேரம் பேசாமல் இருந்தாள். கடைசியில், "வித்தாளே, அதுல தப்பில்லை. சீட்டை மத்தவங்க எழுதும்படி விட்டுட்டா" என்றாள். அந்த வயிற்றுப்பாட்டில் மேரிக்கு வேறு வழி ஏது என்று நாம் வாதாடினோம். அந்த வாதம் இன்றைக்கும் முடியவில்லை. ஆனால் கடைக்கு அஸ்திவாரம் போடப்பட்டது அன்றைய இரவில்தான்.

கல்லை விற்றுக் கௌரவமாக வாழ்ந்தவர்களும் உலகத்தில் உண்டு. ஜெர்மனியில் கிராண்ட்ஸ் என்பவர் 1833-இல் தொடங்கிய கல் கடை பிற்பாடு பான் நகரத்துக்குக் குடிபெயர்ந்து பிரசித்தி பெற்றது. அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரத்தில் ஹென்றி வார்டு 1862-இல் ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். இவ்விருவரும் பணக்காரர் மேஜைக்கு அழகுக் கல் விற்று மட்டும் பெயரெடுக்கவில்லை. பள்ளிகளுக்கும் கலாசாலைகளுக்கும் வரிசை எண்ணிட்டு, பெயரும் ஊரும் எழுதிய சீட்டோடு, பாடம் நடத்துவதற்கேற்ற பெட்டிகளை அனுப்பினார்கள். வாத்தியார் பிழைப்புக்கும் கல் வியாபாரத்துக்கும் இடையில் அப்படி ஒரு பாலம் இருக்கிறது.

நம் தேசத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. மகாராஷ்டிரத்தில் நாசிக்குக்கு அருகில் ஸின்னர் என்ற ஊரில் கே. சி. பாண்டே என்பவர் கார்கோட்டி என்ற பெயரில் ஒரு கனிமக் காட்சி சாலை வைத்திருக்கிறார். கப்பற்படையில் இருந்தவர், கல் மேல் கொண்ட மோகத்தால் சேகரிப்பில் இறங்கி, அதையே வியாபாரமாக்கி, வியாபாரத்திலிருந்து காட்சி சாலையை எழுப்பினார். தக்காணத்து எரிமலைப் பாறையில், சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் குழம்பு ஆறியபோது ஏற்பட்ட பொந்துகளில், ஸியோலைட் என்ற படிகங்கள் பூப்போல மலர்ந்திருக்கின்றன. கிணறு வெட்டும்போதும் ஜல்லி உடைக்கும்போதும் அவை வெளிப்படுகின்றன. சாலைக்கு ஜல்லியாகப் போகவேண்டியது காட்சிக்குப் போகிறது. பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆனால் அது படிகம் விளையும் பூமி. நாஞ்சில் நாட்டு வாத்தியாருக்கு அந்த மார்க்கம் திறக்காது.

*

நமக்கு ஏற்றது பெட்டி மார்க்கந்தான் என்று முடிவாயிற்று. "நமக்கு" என்று சொல்வதுகூடச் சரியில்லை. உதவி பெறும் பள்ளியில் வேலை செய்யும் உபாத்தியாயர் வியாபாரம் செய்ய விதிகள் இடம் கொடுப்பதில்லை. ஆகவே பள்ளி நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு, கடையை இல்லாள் தன் பெயரில் தொடங்கினாள். மூலதனம் அவள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். கணக்கும் அவளுடையது. நமக்குக் கல்லுக்குச் சீட்டு எழுதும் உத்தியோகம், சம்பளம் கிடையாது. சீட்டுப் பணத்தில் தொடங்கிய கடையில் சீட்டு எழுதுகிறோம் என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தோம். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

பெட்டியில் இருபது அறைகள். ஒவ்வொன்றிலும் நெல்லிக்காய் அளவில் ஒரு கல். எல்லாம் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கற்கள். சேலத்து வெள்ளைக்கல், மாக்னஸைட் என்ற அது உலை அடுப்புகளின் செங்கல்லுக்கு உதவுவது. கஞ்சமலையின் இரும்புக்கல், காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். சிவகங்கையின் கிராஃபைட், காகிதத்தில் இழுத்தால் எழுதும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி. சிப்பி பதிந்த அரியலூர்ச் சுண்ணாம்புக்கல். நம் ஊர்ச் சார்னோக்கைட், கார்னெட் புள்ளி விழுந்த நெய்ஸ் பாறை. இவற்றோடு, கடினத்தை அளக்கும் ஒரு வரிசை. பிரெடெரிக் மோஸ் என்பவர் 1812-இல் வகுத்த அந்தப் படிவரிசையில் மாக்கல்லுக்கு 1, வைரத்துக்கு 10. ஒன்றால் மற்றொன்றைக் கீறிப் பார்த்து எது கடினம் என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கலாம். நம் பெட்டியில் ஒன்பது படிகள் உண்டு. "பத்தாவது கல் குறைகிறது, உடனே அனுப்பி வைக்கவும்" என்று ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. எழுநூற்றைம்பது ரூபாய்ப் பெட்டியில் வைரத்தை எதிர்பார்த்த அந்தத் தலைமையாசிரியரின் தன்னம்பிக்கையை நாம் மெச்சுகிறோம்.

கற்களெல்லாம் காசு கொடுத்து, ரசீது பெற்று வாங்கியவை. கல்லுடைக்கும் ஆலைகளிலும் வியாபாரிகளிடத்திலும் உதிரித் துண்டுகள் கிடைக்கின்றன. தொல்லுயிர்ப் படிவ விஷயத்தில் மட்டும் நம் இருவருக்கும் மிகுந்த ஜாக்கிரதை. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்ச் சமைந்த அடிமரம் ஒன்று கிடக்கிறது; எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். திருவக்கரையில் கல் மரங்கள் ஒரு தோப்பே இருக்கின்றன. இரண்டும் பூகர்ப்ப இலாகாவின் பாதுகாப்பில் உள்ளவை. அவ்விடங்களில் ஒரு சிராய்கூட எடுப்பது தகாது. புதைபடிவங்களையும் காப்பதற்காக ஒரு சட்ட நகலை 2022-இல் மத்திய சர்க்கார் வெளியிட்டது. சட்டம் வரட்டும், வராதிருக்கட்டும். ஆராய்ச்சிக்கு உதவக்கூடிய எந்தப் படிவத்தையும் விற்பதில்லை என்று இல்லாள் கணக்குப் புஸ்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறாள். சுண்ணாம்புச் சுரங்கத்தில் சிமெண்டு ஆலைக்கு அரைபடப் போகிற சாதாரணச் சிப்பிக்கல் மாத்திரம் பெட்டியில் ஏறும்.

பூஜை அறையில் சாளக்கிராமம் வைத்திருக்கும் அயல் வீட்டுப் பாட்டி ஒரு நாள் வந்து, நம் அம்மோனைட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமத்துக்குள் இருப்பதும் இந்த ஜாதிச் சுருள்தான். "இதை விலை பேசலாமா? மகா பாவம்" என்றாள். சாளக்கிராமத்தை விற்பது பாவமென்பது பெரியோர் கொள்கை. சாஸ்திரம் படித்த நமக்குப் பாவ புண்ணியக் கணக்கு வேறு என்றாலும், அந்த ஒரு கல் விஷயத்தில் பாட்டியின் கட்சியில் சேர்ந்துவிட்டோம். அது அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. அதற்கு விலைச் சீட்டு இல்லை. ஆசிரியர் எழுத வைத்த பழைய சீட்டு மட்டும் உண்டு.

லாபத்தைப் பற்றிக் கேட்பார்கள். பதினான்கு மாதத்தில் 64 பெட்டிகள் விற்றன. மரப்பெட்டி, கல், தபால் எல்லாம் போக, பெட்டிக்கு 320 ரூபாய் மிஞ்சும். கல்லுக்குத் தபாலில் சலுகை ஏது? எடைக்கு எடை காசு வைக்க வேண்டியதுதான். ஒரு பள்ளி பன்னிரண்டு பெட்டிகளை வாங்கிக்கொண்டு ஏழு மாதம் பணம் அனுப்பவில்லை. இல்லாள் ஏழு கடிதம் எழுதி வாங்கினாள். ஆகக் கூடி, இதுவரை கட்டிய கடன் தவணைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கல் கட்டியிருக்கிறது. மீதி இரண்டு பங்கை வாத்தியார் சம்பளம் கட்டியிருக்கிறது. லாரிக்காரரிடம் கொடுத்திருந்தால் கடனே இருந்திராது என்பதும் உண்மைதான். அதை இல்லாளும் அறிவாள், நாமும் அறிவோம். மாதக் கடைசியில் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

சீட்டு விஷயத்தில் அவள் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தாள். கல்லின் பெயர், ஊர், தேதி இவற்றோடு நாலாவது வரியாக "கண்டெடுத்தவர்" என்று இருக்க வேண்டும். ஆலையில் மொத்தமாக வாங்கும் கல்லுக்கு அது சாத்தியமில்லை. ஆனால் அரியலூர்ப் பக்கத்துச் சிப்பிக்கல்லை நமக்காக ஒதுக்கி வைப்பவர் ஒரு டிராக்டர் ஓட்டி. சென்ற கோடை விடுமுறையில் இருவருமாகப் போய் அவருடைய பெயரைக் கேட்டோம். மனிதர் பயந்துபோனார்.

"எதுக்கு சார் பேரு? பின்னாடி கேஸு கீஸு வருமா?"

ரசீதைக் காட்டி, பழைய சீட்டு ஒன்றையும் காட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிப்பதற்காக என்று விளக்கினோம். சீட்டை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "பேரு போடறதா இருந்தா என் பேரைப் போடாதீங்க. நான் வண்டிதான் ஓட்டறேன். பொறுக்கறது சின்னப் பொண்ணு. கழுவி, ஒடைஞ்சது ஒடையாததுன்னு பிரிச்சு வைக்கிறதும் அவதான்" என்று சொல்லி, வீட்டுக்குள் திரும்பிக் கூப்பிட்டார்.

நாலாம் வகுப்புப் படிக்கும் பெண் வெளியே வந்தாள். இல்லாள் அவளை உட்காரவைத்து, பேனாவைக் கையில் கொடுத்து, அவள் பெயரை அவளையே எழுதச் சொன்னாள். இனிஷியல் வேண்டுமா என்று கேட்டாள் அந்தப் பெண். வேண்டும் என்றோம். அறுபது சீட்டுகள் எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றில் மை கொட்டிவிட்டது. அதைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் முப்பது பெட்டிகள் போக வேண்டும். சிப்பிக்கல்லும் சீட்டும் தயார். கடின வரிசையில் நாலாவது அறைக்குரிய ஃபுளோரைட் மட்டும் குஜராத்திலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. இல்லாள் மூன்றாவது கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள்.